முதலாளி உட்காராத கதிரை

அந்தக் கதிரையின் பொலித்தீன் உறையை நான் இன்னும் கழற்றவில்லை. சக்கரம் பூட்டிய, கறுப்பு ரெக்சின் போட்ட சாதாரண அலுவலகக் கதிரைதான். உடப்பில் என் வீட்டு முன்னறையில், கடல் பக்கத்து ஜன்னலோரம் கிடக்கிறது. வலது கைப்பிடியில் மட்டும் உறை நீளமாகக் கிழிந்திருக்கிறது. காற்று வந்தால் அந்தக் கிழிசல் படபடவென்று அடித்து என் வேலையைக் குழப்பும். ஒரு துண்டு டேப் போதும், ஒட்டிவிடலாம். ஒட்டவும் மனம் வரவில்லை, உரித்தெறியவும் மனம் வரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் "இப்பதான் கடையிலருந்து வந்ததா?" என்று கேட்கிறார்கள். வாங்கிப் பல வருடமாகிவிட்டது என்றால் நம்புவதில்லை. வாங்கியவர் அதில் ஒரே ஒரு பின்னேரம்தான் உட்கார்ந்தார் என்றால் அதையும் நம்புவதில்லை.

அவரை நாங்கள் முதலாளி என்றே கூப்பிட்டோம். புத்தளத்தில் உப்பு வியாபாரம் செய்த குடும்பம். தகப்பனையும் ஊர் அப்படித்தான் கூப்பிட்டதாம். மகன் உப்பை விட்டுக் கணினிக்கு வந்த பிறகும் பெயர் மாறவில்லை. யுத்தம் முடிந்து சில வருடங்களில், பாலாவிச் சந்தியில் லொறி உதிரிப்பாகக் கடை ஒன்றின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து ஒரு மென்பொருள் அலுவலகம் திறந்தார். முதல் ஆளாக வேலைக்குச் சேர்ந்தவள் நான். கீழே சீமெந்து லொறி திரும்பும்போதெல்லாம் மேலே மேசையிலிருக்கும் தேத்தண்ணீர் கோப்பை நடுங்கும். அதைவிட மோசம் முதலாளியின் செருப்புச் சத்தம். மனிதர் ஓரிடத்தில் நிற்கமாட்டார். ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து என் முதுகுக்குப் பின்னால், அங்கிருந்து மறுபடி ஜன்னலுக்கு. பணிஸ் தின்பதும் நடந்துகொண்டே, வாடிக்கையாளரோடு கதைப்பதும் நடந்துகொண்டே. நிரல் எழுத வேண்டுமென்றால்கூட மேசையில் கையை ஊன்றி, நின்றபடியே தட்டுவார். மனைவி பார்த்துப் பார்த்து அந்தக் கதிரையை வாங்க வைத்தார். முதலாளியோ "இரிந்தா மூளையும் இரிந்திரும் பிள்ள" என்று சொல்லி, உட்காராமலே, அதில் தன் சால்வையைப் போட்டு வைத்தார். எனக்கு எரிச்சலாக வரும். அவர் நடக்க நடக்க என் தலைக்குள் இருக்கும் வரிகள் எல்லாம் சிதறிப்போகும்.

அந்தக் காலத்தில் படகுகள் முன்னையைவிடத் தூரம் போகத் தொடங்கியிருந்தன. போனவர் எங்கே நிற்கிறார் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் முதலாளியைப் பிடித்துக்கொண்டது. காரணம் இருந்தது. அவருடைய ஒரே தம்பி, உப்பிலும் நிற்காமல் படிப்பிலும் நிற்காமல், பள்ளிவாசல்துறை என்ற மீனவக் கிராமத்தில் பெண்ணெடுத்துக் கடலுக்குப் போகிறவராகிவிட்டார். உம்மாவும் இளைய மகனோடுதான் இருந்தார். படகில் பூட்ட ஒரு சிறு பெட்டி, உயரக் கம்பத்தில் அதன் ஏரியல். கைத்தொலைபேசிக்கு எட்டாத சிக்னல்கூட அதற்கு எட்டும். பெட்டி தன் இருப்பிடத்தைத் துண்டு துண்டாக எங்கள் கணினிக்கு அனுப்பும். எங்கள் நிரல் துண்டுகளைச் சேர்த்து வரைபடத்தில் காட்டும். பள்ளிவாசல்துறையில் அதற்கு மெப் என்று பெயர். சோறு வடிக்கும்போதும் பெண்கள் மெப்பைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். நானும் கடற்கரைக் கிராமத்துப் பெண்தான். காற்றுக் கிளம்பிய நாளில் அப்பாவுக்காக மணலில் நின்ற கால் இது. அந்தப் பெட்டியை நினைத்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

துண்டுகளைச் சேர்க்கும் பகுதியை முதலாளியே ஒரு நாளில், நின்றபடி எழுதினார். அங்கேதான் பிழை. கணினிக்குள் எந்தத் தகவலும் பைட் எனும் சிறு அலகுகளாகத்தான் இருக்கும். அவற்றை வரிசையாக வைக்கும் இடத்தை அணி என்போம். நாங்கள் எழுதிய ஜாவா மொழியில் அணிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உருவாக்கும்போது சொன்ன நீளம்தான் கடைசிவரைக்கும். பிறகு இழுத்து நீட்ட முடியாது. முதலாளியின் நிரல் ஒவ்வொரு துண்டுக்கும் கொஞ்சம் பெரிய புது அணி ஒன்றை உருவாக்கி, இதுவரை சேர்ந்ததையெல்லாம் அதற்குள் பிரதிசெய்து, வால்பக்கத்தில் புதுத் துண்டை ஒட்டியது. படகு கரையைவிட்ட நேரத்தில் சுகமாக ஓடும். நேரம் போகப் போகத் துண்டுகள் கூடும், பிரதிசெய்யும் வேலை மலைபோல் ஏறும். கடைசித் துண்டை மட்டும் பார்த்தாலும் பலனில்லை. முதல் துண்டில்தான் முழு இடம் இருக்கும், மற்றவை முன்னதிலிருந்து எவ்வளவு நகர்ந்தோம் என்பதை மட்டும் சொல்லும். இதில் இன்னொரு கேடு, யாராவது மெப்பைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் இந்த வேலை அடியிலிருந்து தொடங்கும்.

உப்புக் குடும்பத்து மனிதருக்கு உப்பாலேயே விளக்கிப் பார்த்தேன். "முதலாளி, ஒரு கூடை உப்பு வருது, சாக்குல கொட்டுறீங்க. அடுத்த கூடை வந்ததும் வேற பெரிய சாக்கு எடுத்து, பழைய உப்பையெல்லாம் அதுக்குள்ள மாத்தி, அதுக்கு மேல புதுசக் கொட்டுறீங்க. ஒவ்வொரு கூடைக்கும் இதே கூத்து. முதல் வந்த கூடை உப்ப எத்தின தரம் அள்ளுறீங்க எண்டு பாருங்க."

அவர் நடையை நிறுத்தாமலே சிரித்தார். "எங்கட வாப்பா பாத்தா அடிச்சிருப்பாரு. வெள்ளிக்கிழம பாப்பம் பிள்ள."

அந்த வெள்ளிக்கிழமைதான் எங்களைக் கெடுத்தது. பள்ளிவாசல்துறையில் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். படகெல்லாம் கரையில் கிடக்கும், பெட்டிகள் அணைந்திருக்கும். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நாள் என்று நாங்கள் சோதனை எல்லாவற்றையும் அன்றைக்கே வைத்துக்கொண்டோம். துண்டுகளும் இல்லை, பார்க்கிறவர்களும் இல்லை. நிரல் பறக்கும். "பாத்தீங்களா, குதிர மாதிரி ஓடுது" என்று முதலாளி என் மேசையைத் தட்டிவிட்டு ஜன்னலுக்குப் போவார். நான் அடுத்த வேலையைத் திறப்பேன். சனிக்கிழமை பின்னேரமானதும் மெப் மறுபடி நொண்டும்.

அது தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்து வியாழக்கிழமை. காலையில் நான் மறுபடி முறையிட்டேன். "நாளைக்கு வெள்ளிதானே" என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காற்று திடீரென்று திரும்பி, ஜன்னல் கதவுகள் அடிக்கத் தொடங்கின. உப்பளப் பக்கமிருந்து பறந்துவந்த பொலித்தீன் பைகள் மின்கம்பியில் மாட்டிக்கொண்டன. படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வருவதாகத் தகவல் வந்தது. தம்பியின் படகு மட்டும் வரவில்லை. அவருடைய தொலைபேசிக்கு அழைத்தால் பதில் இல்லை. மெப்பில் படகு கற்பிட்டிக்கு மேற்கே, காலையில் நின்ற அதே இடத்தில் அசையாமல் நின்றது. இந்தக் காற்றில் ஒரு படகு அசையாமல் நிற்குமா? துறையில் இரண்டு படகுக்காரர்கள் தேடப் போக எஞ்சினைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். எங்கே போவது என்று மட்டும் சொல்லுங்கள் என்று முதலாளிக்கு அழைத்துக்கொண்டே இருந்தார்கள். தப்பான பக்கம் அனுப்பினால் இருட்டுவதற்குள் திரும்பித் தேட நேரம் கிடையாது.

புதிய துண்டுகள் வந்துகொண்டுதான் இருந்தன. என் திரையில் அவை வாசலில் வரிசைகட்டி நிற்பது தெரிந்தது. உள்ளே விடத்தான் ஆளில்லை. ஊர் முழுக்க மெப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் எங்கள் நிரல் எல்லாத் துண்டுகளையும் அடியிலிருந்து சேர்க்கத் தொடங்கியது. சேர்த்து முடியாததால் மெப் மாறவில்லை. மாறாததால் பயந்துபோய் இன்னும் அழுத்தினார்கள். "மெப்பக் கொஞ்ச நேரம் மூடி வைப்பம் முதலாளி, நான் அந்தப் பகுதிய மாத்தி எழுதுறன்" என்றேன்.

"மூடினா என்னாகும் தெரியுமா? படகு போச்சு எண்டு ஊரே கடல்ல இறங்கும். எங்கட உம்மா அந்த இடத்திலேயே விழுந்திருவா." ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். திடீரென்று தொலைபேசியை எடுத்து பள்ளிவாசல்துறையின் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்கு அழைத்தார். மரணச் செய்தியான ஜனாஸா அறிவித்தலும் தண்ணீர் வராத அறிவித்தலும் சொல்லும் ஒலிபெருக்கி அது. கொஞ்ச நேரத்தில், திறந்திருந்த தொலைபேசி வழியாக மோதினாரின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"பெட்டி பூட்டின படகுக்காரங்கட வீட்டாக்களுக்கு ஒரு அறிவித்தல். கொஞ்ச நேரத்துக்கு போன்ல மெப்பத் தொற வேணாம். மெப் மறஞ்சாலும் பயப்பட வேணாம். படகுகளுக்கு ஒண்டுமில்ல, கம்பியூட்டர்லதான் வேல நடக்குது. எல்லாரும் துஆ செய்ங்க."

காத்திருக்கும் வீடுகளிடம் பார்க்காதே என்று சொல்வது சின்ன விஷயமா? நானாக இருந்தால் கேட்டிருக்கமாட்டேன். ஆனால் என் திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் மெலிந்தன, இடைவெளி விழுந்தது, ஒவ்வொன்றாக நின்றன. ஒன்று மட்டும் நிற்கவில்லை. விடாமல், மூச்சுவிட நேரம் கொடுக்காமல், திரும்பத் திரும்ப மெப்பைத் திறந்துகொண்டிருந்தது. எங்கிருந்து என்று பார்த்தேன். எங்கள் அலுவலகத்திலிருந்துதான். திரும்பிப் பார்த்தால் முதலாளி கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்று கைத்தொலைபேசியைப் பெருவிரலால் குத்திக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அவர் முதலாளி என்பதே மறந்துவிட்டது. "போனத் தாங்க. அந்தக் கதிரையில போய் இரிங்க. நீங்க நடந்தா எனக்கு ஒண்டும் ஓடாது" என்றேன். உட்காருங்கள் என்பதற்கு இரிங்க என்று அவருடைய பாஷையே என் வாயில் வந்திருந்தது. அவர் என்னை முழுசிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை என் மேசையில் வைத்துவிட்டு, சால்வையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். பொலித்தீன் சரசரத்தது. அதற்குப் பிறகு அந்த அறையில் செருப்புச் சத்தம் இல்லை. அந்த அமைதி எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

எழுதினேன். நிரம்ப நிரம்பத் தானே பெரிதாகும் ஆயத்தக் கொள்கலன் ஒன்று ஜாவாவில் உண்டு. அதுவும் உள்ளுக்குள் இடையிடையே புது இடத்துக்குப் பிரதிசெய்யும்தான். எல்லாத் துண்டுகளும் கையில் இருக்க எனக்கு அது எதற்கு? துண்டுகளை ஒரு சுற்று சுற்றி நீளங்களை மட்டும் கூட்டினேன். அந்த நீளத்துக்கு ஒரே ஒரு அணி. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு துண்டையும் அதனதன் இடத்தில் ஒரே தடவை பிரதிசெய்யச் சொன்னேன். ஒரு துண்டை வைத்ததும் அடுத்தது தொடங்கும் இடத்தை நகர்த்த வேண்டும். அந்த வரி விடுபட்டால் எல்லாத் துண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கடைசியில் வெறும் குப்பைதான் மிஞ்சும். அந்த வரியை மறுபடி மறுபடி வாசித்தேன். சேர்த்ததை மெப்புக்கு எடுத்து வைத்து, புதுத் துண்டு வந்தால் மட்டும் மறுபடி சேர்க்கும்படியும் மாற்றினேன். பழைய நிரலை நிறுத்திப் புதியதை ஓட விட்டேன்.

வாசலில் நின்ற துண்டுகள் எல்லாம் உள்ளே போயின. மெப்பில் தம்பியின் படகு துள்ளி எழுந்து வடக்கே ஓடியது. மேற்கே அல்ல, எங்கேயோ வடக்கே, மன்னார்ப் பக்கமாக. எஞ்சின் நின்று, காற்று இழுத்த இழுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் இடத்தைச் சொல்லச் சொல்ல முதலாளி தொலைபேசியை மறுபடி வாங்கித் துறைக்குத் திருப்பிச் சொன்னார். தேடும் படகுகள் கரையைவிட்டன. இனிச் செய்ய ஒன்றுமில்லை. அவர் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தார். மூன்று புள்ளிகள். இரண்டு புள்ளிகள் ஒன்றை நோக்கி நகர்ந்தன. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் மூன்றும் ஒன்றாகின. அவை கரைப் பக்கம் திரும்பி, கைத்தொலைபேசிக்குச் சிக்னல் எட்டும் இடத்துக்கு வந்ததும் முதலாளியின் தொலைபேசி அடித்தது.

"காக்கா" என்று அண்ணனைக் கூப்பிட்டது தம்பியின் குரல், காற்று இரைச்சலுக்குள். "எஞ்சின்தான் போச்சு. எனக்கு ஒண்டுமில்ல. உம்மாக்குச் சொல்லுங்க."

நான் எழுந்து நின்று அழுதேன். முதலாளியும் எழப் பார்த்தார். முடியவில்லை. "கால் வருதில்ல பிள்ள" என்றார், சின்னப்பிள்ளை மாதிரி. அவர் கையை எடுத்தபோதுதான் கண்டேன், வலது கைப்பிடியின் பொலித்தீன் நீளமாகக் கிழிந்து, அவருடைய நகத்துக்குள் அதன் துணுக்கு இருந்தது.

சில நாள் கழித்து அவர்களுடைய உம்மாவைப் பார்க்கப் போனேன். "அறிவித்தல் கேட்டதும் போனை அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டன் மகள்" என்றார். "பூட்டிட்டு அலுமாரிக்கு முன்னாலயே இரிந்தன். தொறப்பு என்ட கையிலதான் இரிந்திச்சு." இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அலுவலகம் பிறகு கொஞ்ச வருடங்கள்தான் ஓடியது. முதலாளி குடும்பத்தோடு கட்டாருக்குப் போனார். போகும்போது படகுகளின் வேலையை என் பொறுப்பில் விட்டு, கதிரையையும் லொறியில் ஏற்றி அனுப்பினார். நான் இப்போது உடப்பில் இருந்தபடியே அந்த நிரலைப் பார்த்துக்கொள்கிறேன். சோதனையை வெள்ளிக்கிழமைகளில் வைப்பதில்லை. இங்கே காற்று எழும்பினால் நான் கதிரையில் நிலைகொள்ளமாட்டேன். எழுந்து ஜன்னலுக்குப் போவேன், கதவுக்குப் போவேன். இந்தப் பழக்கம் யாரிடமிருந்து தொற்றியது என்று எனக்குத் தெரியும்.

நேற்றும் காற்று. கிழிசல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முதலாளியிடமிருந்து தொலைபேசி வந்தது. சுகம் விசாரிக்கவில்லை, ஒன்றுமில்லை. "மெப் ஓடுதா பிள்ள? தம்பி கடல்ல."

"ஓடுது முதலாளி. கரைக்குத்தான் வந்துகொண்டிருக்கார். நீங்க கொஞ்சம் இரிங்க."

"இரிந்துதான் இரிக்கன்" என்றார்.

கட்டாரின் ஏதோ ஒரு வீட்டின் தரையில் செருப்புச் சத்தம் கேட்டது, போய், திரும்பி, மறுபடி போய்க்கொண்டிருந்தது. நான் அவருடைய கதிரையில் உட்கார்ந்து, கிழிசலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, படகு கரையைத் தொடும் வரைக்கும் தொலைபேசியை வைக்காமல் இருந்தேன்.