தொட்டியில் அறுபத்தேழு பாகை

சீனித்தம்பி பியரை வாயில் வைத்தவரில்லை. மட்டக்களப்பில் கள்ளுத் தவறணை இருந்த தெருவையே சுற்றிப் போன மனிதர். அவரிடம் போய் வீட்டுக்காரன் பற்றிக் தன் பியர் காய்ச்சும் பானையை ஒப்படைத்தானே, அதைச் சொல்லுங்கள்!

எண்பத்தேழு மாசி. புலம்பெயர்ந்து வந்த குளிர்தேசத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், எட்டுப் பேரோடு ஒரே அறையில் படுத்தெழும்பியவருக்கு, மனைவி றோசலினும் இரண்டு பெண்பிள்ளைகளும் வெள்ளிக்கிழமை வந்திறங்குவதாகச் செய்தி. வீடு வேண்டும். பற்றிக்கின் வீட்டு நிலவறை, அந்த பேஸ்மென்ற், காலியாகத்தான் கிடந்தது. ஆனால் முன்பிருந்தவன் ஹீற்றரை அணைத்துவிட்டுப் போய்க் குழாய்களை உறைந்து வெடிக்க விட்டவன். பற்றிக்குக்கு இனி எவனிலும் நம்பிக்கையில்லை.

"சூடு காக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் வீடு" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி, பேஸ்மென்ற் குசினியில் நொறுக்கிய பார்லி வெந்நீரில் ஊறிய பானையையும் வெப்பமானியையும் காட்டினான். அறுபத்தேழு பாகை. கூடினாலும் குறைந்தாலும் பியர் பாழ். ஒரு மணித்தியாலத்தில் வருவேன் என்று புறநகரான கர்க்லாண்டுக்குக் கிளம்பினான்.

இதென்ன பெரிய வித்தையா? இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் றோசலினுக்குக் குளிக்கத் தண்ணீர் விளாவிக் கொடுத்த கை அது. சூடு இறங்கியது, கேத்தல் கொதிநீரை ஊற்றினார். ஏறியது; வாசல் பனியை அள்ளிப் போட்டார். இறங்கியது, ஊற்றினார். ஏறியது, போட்டார். பானை நிறைந்தது. வாளியும் நிறைந்தது. பற்றிக் பனிப்புயலில் மாட்டுப்பட்டு மாலையாகியும் வரவில்லை. மனிதர் எல்லாவற்றையும் குளியல் தொட்டியில் கவிழ்த்து விளாவிக்கொண்டே நின்றார்.

பற்றிக் வந்து தொட்டியைப் பார்த்தான். வெப்பமானியை அமிழ்த்தினான். அறுபத்தேழு!

தொட்டி விளிம்பில் குந்தி, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாமல் குலுங்கினான். இந்த விசரன் இருக்குமட்டும் குழாய் உறையாது என்று சாவியைக் கொடுத்தான். அவ்வளவையும் கொட்டிவிட மட்டும் மனம் வரவில்லை. சூடு ஆறியதும் தொட்டியிலேயே நொதிக்க ஈஸ்றைத் தூவி, பதினைந்து நாள் தொடக்கூடாது என்றான்.

வெள்ளிக்கிழமை, இரண்டு நாள் பயணக் களையோடு றோசலின் குளியலறைக் கதவைத் திறந்தாள். தொட்டி முட்ட நுரை. புளித்த வாடை குப்பென்று அடித்தது.

"நான் ஒரு சொட்டும் குடிக்கல்ல, றோசலின்!"

"ஒரு போத்தல் எண்டா மன்னிச்சிருப்பன்" என்று றோசலின் நிலத்தில் குந்திவிட்டாள். "தொட்டி கட்டிக் குடிக்கிற அளவுக்கு வந்திட்டீங்களே, மனிசா!"