நிற்குமா நிற்காதா, யார் சொல்வது?

கம்ப்யூட்டர் சென்டர் நடத்தக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும் என்றார்கள். எனக்குக் கணக்கு ஓரளவு வரும், பொறுமைதான் பிறவியிலேயே கிடையாது.

எண்பதுகளின் பிற்பகுதி. உத்திரமேரூரில் எங்கள் வீட்டு முன்னறையில் என் கணவர் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். கறுப்பு வெள்ளை டிவியில் மாட்டுகிற சின்ன மிஷின். எழுதியதைச் சேமித்து வைக்கப் பாட்டுக் கேட்கிற டேப்ரெக்கார்டர். வாசலில் போர்டை மாட்டிவிட்டு அவர் தாலுகா ஆபீசுக்குப் போய்விடுவார். இருந்த ஒரே மிஷினை ஆளுக்கு அரை மணி என்று பங்கு போட்டு, ஒருவரை எழுப்பி அடுத்தவரை உட்கார வைப்பது வீட்டிலேயே இருக்கிற என் தலையில் விழுந்தது. சொல்லிக்கொடுக்க ஸ்டெல்லா. சாலவாக்கம் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். கணக்கில் பட்டம், முட்டியைத் தொடும் கூந்தல். இரண்டைப் பற்றியும் கர்வம் உண்டு, மறைக்கவும் மாட்டாள். வீட்டில் தையலோ டியூஷனோ நடத்தி, ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் வாசலிலுமாகக் கழுத்து வலி வாங்கிய சகோதரிகளுக்கு என் பாடு புரியும்.

டிவியில் பெயர்

நெல் மண்டிக்காரர் ஒருவர் தன் மகன் ஏழுமலையைச் சேர்த்துவிட்டார். முதல் நாள் பாடம் இரண்டே வரி. முதல் வரி: உன் பெயரைத் திரையில் காட்டு. இரண்டாவது வரி: மறுபடி முதல் வரிக்குப் போ. அவ்வளவுதான். ஏழுமலை, ஏழுமலை என்று திரையில் பெயர் ஓட ஆரம்பித்தால் யாராவது நிறுத்துகிறவரை ஓடிக்கொண்டே இருக்கும்.

அரை மணி முடிந்து, அடுத்த பெண் வாசலில் வந்து நின்றாள். நான் சுவிட்சுப் பக்கம் போனேன். பையனைக் கூட்டிப்போக வந்த மண்டிக்காரர் எனக்கும் சுவிட்சுக்கும் நடுவே வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். "நிறுத்தாதீங்கம்மா. எம் புள்ள பேரு டிவில ஓடிக்கினு கீது. எதுர் வூட்டுக்காரன் வந்து பாத்துட்டுப் போவட்டும், அப்பால நிறுத்துங்க."

முடிகிற நேரம்

பெயர் ஓடினாலாவது பரவாயில்லை, இது நிற்காத கேஸ் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்த கோவிந்தராஜின் புரோகிராம் ஓடும்போது திரை வெறுமனே இருக்கும். ஏதோ ஒரு பெரிய எண்ணை எந்தெந்த எண்ணால் வகுக்கலாம் என்று மிஷின் உள்ளுக்குள் தேடுகிறதாம். "இதோ முடிஞ்சிடும்க்கா" என்றார். கொஞ்ச நேரம் கழித்தும் அதையேதான் சொன்னார். என் வீட்டுச் சாம்பார் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் மிஷினை அணைத்துவிட்டேன். ஸ்டெல்லா அவர் எழுதியதைப் படித்துப் பார்த்து, இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் விடை வந்திருக்கும் என்றாள்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் அவர் வேறொன்று எழுதி ஓட்டியபோது, வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து, கரண்டு போகிறவரை காத்திருந்தேன். அதன் பிறகு ஸ்டெல்லா தாளை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கையை மறுபடி ஒன்றுக்கே கொண்டுபோய் விடுகிற ஒரு வரியை நடுவில் போட்டிருந்தார் மனிதர். யுகம் முடிந்தாலும் அது முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் நேற்றைய வெற்றுத் திரைக்கும் இன்றைய வெற்றுத் திரைக்கும் எள்ளளவு வித்தியாசம் இல்லை. நியாயமாக அவர் வெட்கப்பட வேண்டும். கோவிந்தராஜ் குடையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "நேத்து முடியப் போற நேரத்துல அணைச்சீங்க, இன்னிக்கு முடியாததுக்குக் காவல் காத்தீங்க. எப்டிப் பாத்தாலும் உங்களாலதாங்க்கா எனக்கு பேஜாரு."

பெரிய மனிதர் கேட்டது

அந்த வருஷம் ஏரிக்கரைப் பக்கம் இருந்த ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டென்ட், பிள்ளைகளுக்காகச் சில மிஷின்கள் வாங்கினார். நிலபுலம் உள்ளவர், ரைஸ் மில்லும் உண்டு. கற்றுக்கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னால் ஸ்டெல்லாவுக்குக் கொடுக்க முடிந்தது பஸ் சார்ஜுக்கு மேல் கொஞ்சம்தான். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் மெட்ராசில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி தைக்கிற சித்தியிடம் அனுப்பிவிடுவதாக வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அவள் படித்த கணக்கு அங்கே சட்டைக்குப் பொத்தான் எண்ணத்தான் உதவும்.

கரஸ்பாண்டென்ட்டுக்கு ஒரு யோசனை. எந்தப் பிள்ளை எந்தப் புரோகிராம் எழுதினாலும் முதலில் அதை வாங்கிப் பரிசோதித்து, 'இது நிற்கும்', 'இது நிற்காது' என்று சொல்லிவிடுகிற ஒரு புரோகிராம் வேண்டும். கரண்டும் மிச்சம், நேரமும் மிச்சம். அதை எழுதித் தருகிறவருக்கு வேலை. காஞ்சிபுரத்திலிருந்து சஃபாரி சூட்டில் வந்த ஒருவர், "டெஃபனிட்லி சார்" என்று அங்கேயே ஒப்புக்கொண்டார். ஸ்டெல்லா, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். கூடப் போயிருந்த எனக்கு அவளைக் கிள்ள வேண்டும் போல் இருந்தது. கரஸ்பாண்டென்ட்டுக்கும் பிடிக்கவில்லை. "இதுல யோசிக்க இன்னாம்மா கீது? பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் சொல்றான், எந்த வண்டி எப்ப வந்து நிக்கும்னு. அம்மாம் வெல குடுத்து வாங்கன மிஷினு சொல்லாதா?"

அடங்காப்பிடாரி

ஒரு வாரம் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். ஏழுமலையின் இரண்டு வரியை அவள் புரோகிராம் உடனே பிடித்தது. கோவிந்தராஜின் தப்பைக்கூடப் பிடித்தது. ஆனால் ஒன்றைப் பிடிக்க வழி செய்தால் அதை ஏமாற்றும் இன்னொன்று அவளுக்கே தோன்றிவிடும். கடைசியில் ஒரு நாள் செங்கல்பட்டில் தன் பழைய லெக்சரரைப் பார்த்துவிட்டு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல், "இது யாராலயும் முடியாதுக்கா" என்றாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். தோற்றவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

"அப்படி ஒரு புரோகிராம் இருக்குன்னே வெச்சிக்குங்க. அதுக்கு ஜோசியக்காரின்னு பேரு. நான் அடங்காப்பிடாரின்னு ஒண்ணு எழுதறேன். அது ஆரம்பிச்ச உடனே ஜோசியக்காரியக் கூப்பிட்டு, 'நான் நிப்பேனா, நிக்க மாட்டேனா?'ன்னு கேக்கும். 'நிப்ப'ன்னு அவ சொன்னா, ஓடிக்கினே இருக்கும். 'நிக்க மாட்ட'ன்னு சொன்னா, அந்த நிமிஷமே நின்னுடும். இப்ப ஜோசியக்காரி எதச் சொன்னாலும் பொய்யாப் போவுதா?"

எனக்குக் கொஞ்சமும் சிரமமில்லாமல் புரிந்தது. நான் அப்படி ஒன்றோடு அப்போதே இருபத்திரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். 'ஆறு மணிக்கு வந்துவிடுவார்' என்று நான் யாரிடமாவது சொன்னது காதில் விழுந்தால் என் கணவர் ஒன்பதுக்கு முன் வரமாட்டார். 'இன்றைக்கு நேரமாகும்' என்று சொன்னால் ஐந்தரைக்கே வந்து காபி எங்கே என்பார். இருந்தாலும் விடவில்லை. "அடங்காப்பிடாரியை விடு. மற்றதுக்கெல்லாம் சரியாகச் சொன்னால் போதாதா? சரி என்று சொல்லி வேலையை வாங்கிக்கொள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்றேன். "எதக்கா அடங்காப்பிடாரின்னு ஒதுக்கறது? எல்லாமே பாக்க ஒரே மாதிரிதான இருக்கும். எந்தப் புரோகிராமா இருந்தாலும்னு கேட்டாரு. அந்த 'எந்த'வுக்கு என்னால தலையாட்ட முடியாது" என்றாள். வெளிநாட்டில் ஒருவர் இப்படிப்பட்ட மிஷின்கள் வருவதற்கு முன்னாலேயே காகிதத்தில் எழுதி இதை நிரூபித்துவிட்டாராம்.

அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. மிஷின் இன்னும் பிறக்கவில்லை. அது எதைச் செய்யவே முடியாது என்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்கு எத்தனையோ தேற்றங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஒன்றையாவது இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் கணக்கை விட்டிருக்க மாட்டேன். உள்ளே பேப்பருக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் மட்டும் அசையவில்லை. "ஆறு மணிக்கு வருவேன்னு தெரு பூரா சொல்லி வெச்சா, எந்த மனுஷனுக்கும் வெளியிலயே இருக்கலாம்னுதான் தோணும்."

டீ குடிக்கிற நேரம்

குறித்த நாளில் சஃபாரிக்காரர் தன் புரோகிராமோடு வந்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எதைக் கொடுத்தாலும் சற்று நேரம் ஓடவிட்டுப் பார்த்து, திரையில் தீர்ப்பு எழுதியது. கரஸ்பாண்டென்ட் பெருமையோடு ஸ்டெல்லா பக்கம் திரும்பி, "உன்னுது எங்க?" என்றார்.

"இல்ல சார். அத எழுத முடியாது. என்னால மட்டும் இல்ல, இவராலயும் முடியாது."

கரஸ்பாண்டென்ட் முகம் சுருங்கிப் போயிற்று. அவள் அதைக் கவனிக்காமல், "நான் ஒண்ணு அடிக்கட்டுமா?" என்று கேட்டு உட்கார்ந்தாள். ஒன்றிலிருந்து ஒரு பெரிய எண் வரைக்கும் எண்ணிவிட்டு நிற்கிற சின்னப் புரோகிராம். சஃபாரிக்காரரின் மிஷின் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 'நிற்காது' என்றது. அவள் அதே புரோகிராமைப் பக்கத்து மிஷினில் தனியாக ஓடவிட்டாள். டீ வந்தது. டம்ளர்களை எடுக்க ஆள் வந்தபோது அது எண்ணி முடித்து, சமர்த்தாக நின்றது. "டைம் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிட்டா சரியாயிடும் சார்" என்றார் அவர். "நானும் அந்த நம்பர ஜாஸ்தி பண்ணுவனே சார்" என்றாள் இவள். பிறகு கரஸ்பாண்டென்ட்டிடம் அடங்காப்பிடாரி கதையைச் சொன்னாள். எனக்குச் சொன்னதைவிட நிதானமாக, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, வேலை ஏற்கெனவே கையில் இருக்கிறவள் மாதிரி சொன்னாள்.

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். "அப்ப எம் பசங்க புரோகிராமு மாட்டிக்கினா இன்னா பண்ணுவ?" என்று மட்டும் கேட்டார். "பக்கத்துல உக்காந்து, எழுதனத வரி வரியாப் படிச்சிக் காட்டச் சொல்லுவேன் சார். சிலது அதுலயே தெரியும். சிலது எனக்கும் தெரியாது" என்றாள். போயிற்று, மெட்ராசுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் என்று நான் எழுந்துவிட்டேன். அவர் ஜன்னல் வழியாகத் தன் கொல்லையைப் பார்த்தபடி பேசினார். "அதோ, அங்க போர் போட்டேன். இன்னும் பத்தடி போனா தண்ணி, இன்னும் பத்தடி போனா தண்ணின்னு ஒவ்வொருத்தனும் சத்தியம் பண்ணான். தண்ணி வரல, எல்லாம் புகையாத்தான் வந்துச்சி. எனக்குத் தெரியாதுங்கன்னு ஒருத்தன் அன்னிக்கே சொல்லியிருந்தா, அவன என் வூட்டோட வெச்சிக்கினு இருந்திருப்பேன். நீ திங்கக்கிழம வந்து சேந்துக்க."

ஆபீசிலும் அடுப்படியிலும் முடியும், முடியும் என்று தலையாட்டியே காலம் தள்ளுகிற நம் கூட்டத்தில், முடியாது என்பதை நிரூபித்து வேலை வாங்கியவளை நான் ஒருத்தியைத்தான் பார்த்தேன், அவளையும் என் முன்னறையிலிருந்து பறிகொடுத்தேன்.