யார் கூப்பிட்டாலும் திரும்பாதே

மாப்பிள்ளை அரியலூருக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தான். அவனை வரவேற்க வேண்டிய பன்னிரண்டு பேரும் சென்னை விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பயணத் திட்டம் போட்டுக் கொடுத்தது நான்.

ரயிலே வராத பெரம்பலூரில் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் சென்னையில் இறங்கி, அரியலூருக்கு ரயில் பிடித்து, அங்கிருந்து பஸ் ஏறி ஊர் சேர வேண்டும். அந்த விமானத்தையும் இந்த ரயிலையும் முடிச்சுப் போடுவது என் வேலை. பிள்ளையை வெளிநாட்டில் வைத்திருக்கும் நீங்களும் என்னைப் போலப் பட்டவர்கள்தான். உங்களுக்கு நிறைய விளக்க வேண்டியதில்லை.

பெட்டி

தொழில் தொடங்கிய புதிதில் எனக்கும் விவரம் போதாது. விமானம் இறங்கும் நேரத்தோடு ஒன்றரை மணி சேர்த்து ரயில் போட்டுவிடுவேன். குவைத்திலிருந்து வந்த ஒருவர் ரயிலைத் தவறவிட்டார். விமானம் நேரத்துக்கு வந்தது. அவரும் நேரத்துக்கு இறங்கினார். கம்பளியும் தைலமும் சோப்பும் அடைத்துக் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிதான் வரவில்லை. அது சுற்றிச் சுற்றி வரும் பட்டையில் கடைசிப் பெட்டியாக வந்தது.

"பெட்டியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாமே, ரயிலைப் பிடித்திருக்கலாமே" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கையை வீசிக்கிட்டு ஊருக்குள்ள போனா, நான் குவைத்துல இருந்து வரேன்னு எவன் நம்புவான்?"

அன்றிலிருந்து மூன்றரை மணி நேரம் இடைவெளி விடுகிறேன். ஒரு நிமிடம் குறைக்க மாட்டேன்.

கொடுத்த தூரம்

விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன். அங்கே மின்சார ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தாம்பரம். நம் வண்டி எழும்பூரில் புறப்பட்டுத் தாம்பரத்தில் நின்றுதான் வரும். எதற்கு எழும்பூர் வரை போய் வர வேண்டும்? இது எனக்குப் புரிகிறது. மலேசியாவில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பிய குன்னத்துப் பெரியவருக்குப் புரியவில்லை. எழும்பூரிலிருந்துதான் சீட்டு கிடைத்தது, ஏறுகிற இடத்தைத் தாம்பரம் என்று மாற்றியிருக்கிறேன் என்று மூன்று தடவை சொன்னேன். தலையாட்டினார்.

நேரே எழும்பூர் போனார். வண்டி அவர் கண் முன்னால் கிளம்பிப் போனது. பஸ்ஸில் ஊர் வந்து, மறுநாள் என் கடைக்கு வந்து அவர்தான் கோபப்பட்டார்.

"எழும்பூர்லேருந்துதானே காசு கொடுத்திருக்கேன். கொடுத்த தூரத்தை நான் ஏன் விடணும்?"

பெயர் சொல்லிக் கூப்பிட்டவன்

தா.பழூர் முருகேசனுக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. நேரத்துக்கு விமானம், நேரத்துக்குப் பெட்டி, கையில் டிக்கெட். வெளியே வந்தவரை ஒருவன் "முருகேசன் அண்ணே! வாங்கண்ணே! தா.பழூர்தானே?" என்று கையைப் பிடித்திருக்கிறான். சொந்தக்காரர் யாரோ அனுப்பிய ஆள் என்று நினைத்து முருகேசன் காரில் ஏறிவிட்டார். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும் எழுதியிருந்ததை வாடகைக் கார்க்காரன் படித்திருக்கிறான். அவ்வளவுதான் சொந்தம். பெரம்பலூர் வரை காரிலேயே வந்து என் கடை வாசலில் இறங்கினார். டிக்கெட் சட்டைப் பையில் மடங்காமல் இருந்தது.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டான் சார். திரும்பாம எப்படிப் போறது?"

ஆனி கடைசி

இப்படி மூன்று அடி பட்டுத் தேறிய பிறகுதான் இளவரசுவின் அப்பாவும் அம்மாவும் கடைக்கு வந்தார்கள். பையன் குவைத்தில் ஆறு வருஷம். மூன்று வாரம் லீவு. அவன் இறங்குவது ஞாயிற்றுக்கிழமை, ஆனி மாதத்தின் கடைசி நாள். மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் பெண் பார்க்க மாட்டார்கள். ஆடி முடிவதற்குள் லீவு முடிந்துவிடும். ஆகவே அன்றே அரியலூரில் பெண் பார்த்து, பிடித்திருந்தால் பூ வைத்துவிட வேண்டும். மூன்று மணிக்கு மேல், நாலரைக்குள். நாலரைக்கு ராகு காலம். அதற்கப்புறம் விளக்கு வைக்கும் நேரம். பெண் வீட்டார் இந்த விஷயத்தில் கறார்.

ஆறேமுக்காலுக்கு விமானம், பத்தேகாலுக்குத் தாம்பரத்தில் ரயில், இரண்டுக்குள் அரியலூர் என்று போட்டுக் கொடுத்தேன். பெட்டி வருவதற்கென்றே மூன்றரை மணி நேரம் விட்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். எல்லாரும் அரியலூர் ஸ்டேஷனில் நில்லுங்கள், ஒருவரும் சென்னைக்குப் போகக்கூடாது என்றேன். அப்பா சரி என்றார். அம்மா செல்லம்மாவுக்கு மனசில்லை. "ஆறு வருஷம் கழிச்சு வர்ற புள்ள, அநாதையாட்டம் தனியாவா வருவான்?" என்றது அந்த அம்மா. ரயிலில் ஆயிரம் பேர் வருவார்கள், தனியாக எங்கே வருகிறான் என்றேன். பேச்சு நின்றது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பையனுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். வெளியே வந்ததும் நிற்காதே. யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாதே. நேரே திரிசூலம். உன் குவைத் சிம் இங்கே பேசாது, ரயிலில் உட்கார்ந்ததும் பக்கத்து ஆள் போனில் எனக்கு ஒரு வார்த்தை சொல்.

அவர்கள் போன பிறகு கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் பரிமளம் சொன்னாள். என் கடையில் டிக்கெட் அடிக்கிறவள், பத்து வருஷமாக எதிர்த்துப் பேசுகிறவள்.

"அந்தம்மா தலையாட்டவே இல்லை சார்."

பத்தரை மணி

ஞாயிற்றுக்கிழமை பத்து இருபதுக்குப் பையன் பேசினான். "உட்கார்ந்துட்டேன் சார்." எனக்குத் திருப்தி. டீ சொன்னேன்.

பத்தரைக்குச் செல்லம்மா பேசியது. பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"ஐயா, புள்ள இன்னும் வெளிய வரலீங்களே."

"எங்கேயிருந்து பேசுறீங்க?"

"ஏர்போர்ட்லேருந்துதான். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல. வேன் எடுத்துக்கிட்டுப் பன்னண்டு பேரு வந்திருக்கோம்."

விமானம் ஐம்பது நிமிடம் முன்னதாக வந்துவிட்டிருந்தது. வேன் போய்ச் சேரும்போது பையன் பெட்டியை உருட்டிக்கொண்டு தெருவைத் தாண்டப் போயிருக்கிறான். தாய்மாமன் முதுகைப் பார்த்து "டேய் இளவரசு!" என்று கத்தியிருக்கிறார். அவன் ஓட்டம் பிடித்திருக்கிறான். நம் பிள்ளையாக இருந்தால் திரும்பியிருப்பானே என்று எல்லாரும் கதவைப் பார்த்தபடி நின்றுவிட்டார்கள். அதற்காக மூன்றரை மணி நேரமா நிற்பார்கள்? கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பெட்டி வர மூணரை மணி நேரம் ஆகும்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?"

தட்டில் ஒரு போன்

வேன் எப்படி ஓடினாலும் அரியலூர் சேர ஐந்தைத் தாண்டும். பெண் வீட்டுக்குப் போன் செய்து, இந்த வருஷம் முடியாது என்று சொல்லிவிடலாம் என்று எண்ணைத் தேடினேன். பரிமளம் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பெண்ணின் அம்மாவிடம் அவளே பேசினாள்.

"அம்மா, டிக்கெட் கடையிலேருந்து பேசுறேன். மாப்பிள்ளை ரயில்ல வந்துகிட்டு இருக்காரு. அவரைக் கூட்டியார மெட்ராஸ் போன அவங்கம்மா அவரைத் தவறவிட்டுட்டு அங்க நிக்கிறாங்க. நேரத்தை விட வேண்டாம். நாங்க மூணு பேரு வர்றோம். மத்தவங்க போன்ல வருவாங்க."

அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. கடையைச் சாத்தினோம். பஸ் ஸ்டாண்டில் பூ, பழம், வெற்றிலை பாக்கு வாங்கினாள். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கிய பையன் யாரையும் காணாமல் விழித்தான். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டான். "அழாதே. மூஞ்சியைக் கழுவு" என்றேன். ஓட்டலில் ஒரு அறையைக் கேட்டு வாங்கி அவனைச் சட்டை மாற்ற வைத்தவளும் அவள்தான்.

மூன்று பத்துக்குப் பெண் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் அப்பா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க யாருங்க?" என்றார். பரிமளம் யோசிக்கவே இல்லை.

"இவருதாங்க. கோவமா இருக்காருன்னு நினைச்சுக்காதீங்க. மூஞ்சியே அப்படித்தான்."

ஒரே கேள்வி

பழத்தட்டில் வாழைப்பழச் சீப்பின் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு புளியமரத்தடியில் வேன் நின்றிருந்தது. திரையில் பன்னிரண்டு தலை. மகனைப் பார்த்ததும் செல்லம்மா அழுதது. பெண் காபித் தட்டோடு வந்ததும் சிரித்தது. "பொண்ணு எங்கே? எனக்கு ஃபேன்தான் தெரியுது!" என்று தாய்மாமன் கத்தினார். போனை நிமிர்த்தினேன். அந்த வேலையாவது எனக்கு இருந்தது.

பெண் கோகிலா அரியலூரில் பள்ளிக்கூட டீச்சர். குனிந்து நின்றாலும், தான் கூப்பிட்டும் பையன் திரும்பாமல் ஓடியதைத் தாய்மாமன் போனில் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "உனக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார் அப்பா, சும்மா ஒப்புக்கு. அவள் நிமிர்ந்து பையனைப் பார்த்தாள்.

"நான் கூப்பிட்டாலாவது திரும்பிப் பார்ப்பீங்களா?"

போனுக்குள்ளேயிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. பையன் காது வரை சிவந்து, "இனிமே எல்லாரையும் பார்க்கிறேங்க" என்றான். நாலே காலுக்குச் செல்லம்மா வேனிலிருந்து உரக்கச் சொன்னது. "எனக்குப் பதிலா பூவை நீயே வச்சுவுடு பரிமளம்."

விமானத்தையும் ரயிலையும் முடிச்சுப் போடத்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அவிழ்த்துவிட்டதை, ராகு காலத்துக்குக் கால் மணி இருக்கும்போது, ஒரு முழம் மல்லிகையால் முடிச்சுப் போட்டவள் பரிமளம்.