சுவீடன் மலையிலிருந்து ஒரு கோல்

நாங்கள் காடும் எல்லையும் கடந்து ஜேர்மனிக்கு வந்தவர்கள். எங்கள் மகள் ஜேர்மனியில் பிறந்து, லீவு எடுத்து, காசு கட்டிக் காட்டுக்குள் நடக்கப் போகிறவள். "வுப்பர்டாலிலை இல்லாத மேடோ பிள்ளை?" என்று கேட்டால் சிரிப்பாள். இந்த ஊரில் பால் வாங்கப் போவதென்றாலே ஏறி இறங்க வேண்டும். அது போதாதாம். வடக்குச் சுவீடனில் நாட்கணக்காக நடந்தாலும் ஒரு வீடு கண்ணில் படாத மலைகள் இருக்கின்றனவாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், நகைக்கடைக்குள் போனவள் மாதிரி இருக்கும்.

போன கோடையில் சிநேகிதி ஒருத்தியோடு புறப்பட்டாள். இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் தாதிகள். அங்கே சாதாரணக் கைத்தொலைபேசி வேலை செய்யாது என்பதால் செய்மதித் தொலைபேசி ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தாள். தடித்த கறுப்புப் போன், தலையில் ஒரு குழாய். பல்கனியில் நின்று எங்களுக்குப் பாடம் எடுத்தாள். குழாயை இழுத்து நிமிர்த்தி, வானம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். கூரைக்குக் கீழே வேலை செய்யாது. குரல் வானத்துக்குப் போய் வருவதால் கொஞ்சம் பிந்தித்தான் கேட்கும். ஒருவர் சொல்லி முடித்த பிறகுதான் மற்றவர் கதைக்க வேண்டும்.

"அப்பிடியெண்டால் உன்ரை கொப்பரோடை கதைக்கேலாது" என்றேன்.  இவர் அந்தப் போனைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"அவசரமெண்டால் மட்டும்தான் எடுப்பன். எடுக்காட்டில் நல்லா இருக்கிறன் எண்டு நினையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல ஏற்பாடு! பெற்றவள் நிம்மதியாக இருப்பதற்குப் பிள்ளையின் குரல் கேட்காமல் இருக்க வேண்டுமாம்.

அவளுடைய தொலைபேசிக் கோல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். இவருடைய காது தொழிற்சாலை இரைச்சலில் பழுதாய்ப் போனது. எந்தக் கோல் வந்தாலும் ஸ்பீக்கரில்தான் போடுவார். இரைச்சலுக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா, பயப்பிடாதேங்கோ. எனக்கு ஒண்டுமில்லை. அவவுக்குத்தான் ஆத்துக்குள்ளை வழுக்கிக் கால் முறிஞ்சிட்டுது."

"எங்கை நிக்கிறாய்? என்ன நடந்தது?" என்று இவர் கத்தினார். அவளும் அதே நேரத்தில் கதைக்க, இரண்டு குரலும் மோதி ஒன்றும் விளங்கவில்லை.

"ஐயோ, அவள் சொல்லி முடிக்கட்டுமன்!" என்றேன்.

"மீட்புக்காரருக்குச் சொல்லிட்டன். உங்கடை நம்பரையும் குடுத்தனான், அவையள் எடுத்தால் பதறாதேங்கோ. இஞ்சை ஒரே முகில். எப்ப ஹெலி வரலாமெண்டு எனக்குத் திருப்பி எடுத்துச் சொல்லுவினம். குளிருக்குப் பற்றறி முடியுது. நான் வைக்கிறன்."

"வைக்காதை!"

இவர் எழும்பி நின்றார். கதிரை பின்னால் விழுந்தது.

"அப்பா, அவையள் எடுக்கேக்கை லைன் பிசியா இருக்கக்கூடாது."

"வைக்காதை பிள்ளை. கதை. என்னவாவது கதை." அழுதார். கல்யாணம் கட்டின நாளிலிருந்து இவரை அப்படி அழ நான் கண்டதில்லை. அவளும் கண்டதில்லை. அதனால்தான் அவளுக்கும் வைக்க மனம் வரவில்லை. "அப்பா... அப்பா, அழாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். அங்கே ஒருத்தி முறிந்த காலோடு ஈரத்தில் கிடக்கிறாள், இங்கே எங்கள் குசினி அழுகைக்குப் பற்றறி போய்க்கொண்டிருக்கிறது. நான் மீன் கையோடு போனைப் பறித்துக் கட் பண்ணினேன்.

"அறிவிருக்கோடி உனக்கு?"

"உங்களுக்கு இருக்கோ? அதுகள் ரெண்டையும் சாகக் குடுக்கப் பாக்கிறியளோ?"

இவர் என்னோடு சண்டைக்கு வரவில்லை. நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு சொன்னார்: "அக்காவின்ரை கோலையும் இப்பிடித்தான் கட் பண்ணினனான்."

இவருடைய அக்கா வன்னியில் சண்டையின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். இன்றுவரைக்கும் தகவல் இல்லை. அது எனக்குத் தெரியும். அங்கிருந்து அவர் ஒருமுறை கோல் எடுத்தது எனக்குத் தெரியாது. யாரிடமோ ஒரு செய்மதித் தொலைபேசி இருந்திருக்கிறது. அதில் கதைக்கச் சனம் காசு கொடுத்து வரிசையில் நின்றிருக்கிறது. ஊரிலிருந்து கோல் வந்தால் வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் எல்லோரும் என்ன செய்வோம்? அவர்களுக்குக் காசு போகக்கூடாதென்று கட் பண்ணிவிட்டு நாங்களே திருப்பி எடுப்போம். இவரும் அதைத்தான் செய்திருக்கிறார். "தம்பி" என்ற குரலைக் கேட்டு, "வையுங்கோ அக்கா, நான் எடுக்கிறன்" என்று கட் பண்ணியிருக்கிறார். திருப்பி எடுத்தபோது தொடர்பு கிடைக்கவில்லையென்று ஒரு பொம்பிளை இங்கிலீசில் சொன்னாளாம். பிறகு எத்தனை முறை எடுத்தும் அவள்தான் சொன்னாளாம்.

இத்தனை வருசமாக அதை என்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, இவரைக் கட்டிப் பிடிக்கவும் வேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.  அவளும் இனி எடுக்காவிட்டால்? அப்போது கட் பண்ணினவள் நானல்லவா?

மீனை அப்படியே குளிர்ப்பெட்டிக்குள் வைத்தேன். அதன் பிறகு இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவள் சொன்ன மீட்புக்காரர்களும் எடுக்கவில்லை. இவர் அடிக்கடி போனைத் தூக்குவார், நான் "லைனை மறிக்காதேங்கோ" என்பேன், வைப்பார்.

பொழுதுபடுகிற நேரம் தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து அடித்தது. "நீ எடு" என்று இவர் போனை என் பக்கம் தள்ளினார். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அம்மா, ஆஸ்பத்திரியிலை நிக்கிறம். அவவுக்குக் காலிலை ஒப்பரேசன் நடக்குது. ஹெலி வந்தது அம்மா, சரியா எங்கடை தலைக்கு மேலை வந்தது!"

ஊரில் ஹெலி வந்தால் சுடப் போகிறதென்று பங்கருக்குள் ஓடினவர்கள் நாங்கள்; ஹெலி வந்தது என்று ஒருத்தி சந்தோசமாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.  "என்ரை பிள்ளை" என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை.

இவர் போனுக்குக் கிட்ட வந்தார். மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கட் பண்ணினது கோவமோ பிள்ளை?"

"என்னப்பா கோவம்? நீங்கள் வைச்ச உடனை அவையள் எடுத்தவை. முகில் விலகுது, இப்பவே வாறம், கூடாரத் துணியை வெளியிலை விரிச்சுக் காட்டுங்கோ எண்டு சொன்னவை. அதோடை போன் செத்துப் போச்சு. நீங்கள் கட் பண்ணினபடியாலைதான் அப்பா நாங்கள் தப்பினது."

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது. சொல்லிவிடப் போகிறார் என்று தெரிந்தது.

நான் போனுக்குக் குனிந்து சொன்னேன்: "ஓம் பிள்ளை, அப்பாதான் கட் பண்ணினவர்."