நீலம் பொறுக்காது

சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிறங்களில் நீலத்துக்குத்தான் திமிர் அதிகம் என்பாள் ஜஹீதா. காற்றை உறிஞ்சியெடுத்த வெற்றிடக் கலத்துக்குள் கண்ணாடியில் கரிமத் தூளை ஆவியாக்கிப் படியவைத்து, மின்சாரம் பாய்ச்சி ஒளிரச் செய்யும் ஆராய்ச்சி அவளுடையது. துளி அழுக்கைப் பச்சை பொறுத்துக்கொள்ளும், நீலம் அணைந்துவிடும். செலுத்தும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு நீல ஒளியாவதே பாடு. நாலு வருஷம் அடையாறு ஆய்வுக்கூடத்தில் கிடந்து அதை இரண்டு பங்காக்கினாள். டில்லியிலிருந்து வரும் தேர்வுக் குழுவின் முன் அந்த இரண்டை மறுபடி காட்டிவிட்டால் டாக்டர் பட்டம்.

குழு வரும் முன் தொண்ணூற்றேழின் ஆயுத பூஜை வந்தது. அன்று எந்தக் கருவியும் ஓடக் கூடாது, கலத்தின் காற்றை உறிஞ்சும் பம்ப்பையும் நிறுத்தினார்கள். மற்ற வருஷங்களில் கலத்தின் வெளிப்பக்கம் ஒரு சந்தனப் பொட்டு வைப்பதோடு பூஜை முடிந்துவிடும். இம்முறை பேராசிரியர் ஸ்ரீனிவாசராகவன் அவளுக்குப் பட்டம் நல்லபடியாகக் கிடைக்கட்டும் என்றே வெற்றிடக் கலத்தைத் திறந்துவைத்து, புகையும் சாம்பிராணித் தட்டோடு நின்றார். நல்ல மனுஷர். அதுதான் கஷ்டமே.

"சார், சாம்பிராணி மட்டும் வேணாம் சார்."

அவர் முகம் கனிந்தது. "புரியறதும்மா. உங்களுக்குச் சங்கடமா இருந்தா வெளில நின்னுக்கோங்கோ. யாரும் தப்பா நினைக்க மாட்டா."

"அதுக்கில்ல சார், புகை உள்ள..." என்று ஆரம்பித்தாள். அறையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் அவள் ஆராய்ச்சிக்காரி இல்லை, துலுக்க வீட்டுப் பெண். தாழ்வாரத்துக்குப் போனாள். புகை கலத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்ததைக் கதவிடுக்கு வழியே பார்த்தாள். பிறகு பொரியும் கடலையும் கொடுத்தார்கள், தின்றாள்.

மூன்று வாரம் கலத்தைத் தேய்த்தாள், சூடேற்றினாள். புகைப் பிசின் எந்த மூலையில் ஒட்டியிருந்ததோ, போகவில்லை. குழுவின் முன் நீலம் அரைப் பங்குகூடத் தேறவில்லை. முன்பு வந்த கணக்கே தப்பாயிருக்கும் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

"என்னதான் ஆச்சு?" என்று பேராசிரியர் உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார்.

சொன்னால், பூஜையின் மேல் பழி போடுகிறாள் என்பார்கள். "தெரியல சார்," என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவள் அசோக் நகர்ப் பள்ளியொன்றில் இயற்பியல் டீச்சர். சாம்பிராணித் தட்டோடு வந்தவர்கள் அவளைப் பார்த்து ஆய்வக வாசலில் தயங்கினார்கள்.

"வாங்க," என்று கதவை அகலத் திறந்துவிட்டாள். அங்கே கெட்டுப்போக ஒன்றும் இல்லை.