பாஸ் பட்டன்ல நின்னுபோன மதலேன் அக்கா

மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, அவியுற வாசனை... உப்பும் ஈர மண்ணும் கலந்து வரும். கிளியனூர் பக்கத்துல மதலேன் அக்கா வீட்டுல நான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்போ, அடுப்புல அதுதான் வெந்துக்கிட்டு இருந்துச்சு.

அப்போ எனக்கு இருபத்திரெண்டு வயசு. ரேடியோ ஸ்டேஷன்ல கேஷுவல். மாசத்துல ஆறு நாள் கூப்பிடுவாங்க. விவசாய நிகழ்ச்சிக்கு ஊர் ஊரா போய் பேட்டி எடுத்துட்டு வரணும். இது எனக்கு மூணாவது பேட்டி. முதல் ரெண்டுலயும் பேச்சை விட காத்து சத்தம்தான் ஜாஸ்தி! "இன்னொரு தடவை இப்படின்னா அடுத்த மாசம் கூப்பிட மாட்டேன்"னு ப்ரொட்யூசர் சார் சொல்லிட்டார். காலைல திண்டிவனத்துல பஸ் ஏறினதுல இருந்தே அதே நெனப்புதான்.

அக்கா, வீட்டுக்காரர் போனப்புறம் ரெண்டு காணி நிலத்துல தனியா மல்லாட்டை போடுறவங்க. அதைப் பத்திதான் பேட்டி.

எங்க வேலையில ஒரு பழக்கம். ரெக்கார்ட் பட்டனையும், டேப்பை ஓடாம நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டனையும் சேர்த்து அமுக்கி ரெடியா வச்சுக்கணும். ஆள் வாயெடுத்ததும் பாஸை எடுத்துவிடணும். சிக்கல் என்னன்னா, பாஸ்ல இருந்தாலும் ஹெட்ஃபோன்ல குரல் கணீர்னு கேக்கும். அதனால காதை நம்பாதே, கேசட் சக்கரம் சுத்துதான்னு பாருன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க.

நான் அக்கா முகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்.

பார்க்காம எப்படி... விதை, உரம்னு ஆரம்பிச்சவங்க, திடீர்னு மகன் சவரியைப் பத்தி பேச ஆரம்பிச்சுட்டாங்க. சண்டை போட்டு வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷமாம்.

"என் மேலதாம்மா தப்பு. பத்து பேர் எதிர்ல அவன அடிச்சுட்டேன். எங்க இருந்துக்கினு இத கேக்குறானோ... சவரி, அம்மாவுக்குக் கோவம் இல்லடா. வந்துடுடா."

முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க. எனக்கும் அழுகை வந்துடுச்சு.

ஸ்டாப் அமுக்கலாம்னு குனியுறேன்... சக்கரம் அசையவே இல்ல. பாஸ் பட்டன் அமுங்கினது அமுங்கினபடியே இருக்கு.

உண்மையைச் சொல்ல பயம். "சவுண்டு சரியா வரலக்கா... இன்னொரு தடவை சொல்றீங்களா?"ன்னு கேட்டேன்.

அக்கா முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. "மல்லாட்டை சமாச்சாரம் மட்டும் சொல்றேம்மா. மத்ததெல்லாம் எதுக்கு... ஒரு வாட்டி சொன்னதே பேஜாரா பூடுச்சு."

சொன்னாங்க. பத்து நிமிஷம், சுத்தமான ரெக்கார்டிங். சார் "குட்"ன்னார். அடுத்த மாசமும் கூப்பிட்டாங்க. எனக்குத்தான் உள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒரு நாள் போய் அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடணும்னு நெனச்சேன். கல்யாணம் ஆச்சு, விழுப்புரம் வந்துட்டேன்... போகவே இல்ல.

போன வாரம் ஒரு போன். சவரி.

அம்மா தவறிட்டாங்களாம். ஸ்டேஷன்ல பழைய டேப்பெல்லாம் இப்போ கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்க இல்ல... அதுல அம்மா பேட்டி இருக்குன்னு தெரிஞ்சு காப்பி வாங்கியிருக்கார். கடைசியில என் பேர் வரும். அதை வச்சு விசாரிச்சு நம்பர் பிடிச்சிருக்கார்.

"நாலு வாட்டி கேட்டுட்டேன் மேடம். என் பேரு ஒரு எடத்துல கூட வர்ல. நானாத்தான் பல வருஷம் கழிச்சு ஊட்டுக்கு வந்தேன். கடைசி வரைக்கும் நாங்க அதப் பத்தி பேசிக்கவே இல்லீங்க... என் மேல அவ்ளோ கோவமா இருந்தாங்களா?"

இப்போ வெங்காய விலை விசாரிக்கிற போன் கூட ரெக்கார்ட் ஆகுது. யார் எப்போ என்ன சொன்னாங்கன்னு தேடினா கிடைக்குது. அன்னைக்கு ஒரு பெத்தவ மனசு, என் விரல் அசையாததுல போயிடுச்சு.

எல்லாத்தையும் சொன்னேன். பாஸ் பட்டன், நான் சொன்ன பொய், அக்கா அழுதது, "வந்துடுடா"ன்னு கூப்பிட்டது வரைக்கும்.

கேட்டுட்டு சவரி மெதுவா சொன்னார். "எங்கம்மா அழுது நான் பார்த்ததே இல்லீங்க மேடம். என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க... நல்லா இருங்க."

வச்சுட்டார்.

திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கல. எடுத்தாலும் என்னன்னு சொல்லி நம்ப வைக்கிறது? அன்னைக்கு அங்க இருந்தது நாங்க ரெண்டு பேர்தான். ஒருத்தர் போயிட்டாங்க. இன்னொருத்தி பொய் சொன்னவ.