ஐந்தே தசம் எட்டு

சென்சர் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். பிழையாகக் காட்டுகிற சென்சரை உடனே திட்டாதீர்கள். நான் வாய் வலிக்கத் திட்டியவள்.

கிண்ணியாவில் ரஹ்மா ராத்தா ஒரு இறால் பண்ணை நடத்துகிறார். குளத்துத் தண்ணீரின் புளிப்பை அளக்கும் பி.எச். சென்சரை நான்தான் பூட்டிக் கொடுத்தேன். ஒருநாள் காலை போன் வந்தது.

"தங்கச்சி, தண்ணி புளிச்சுப்போச்செண்டு மீற்றர் காட்டுது. இவர் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு போட இறங்கப்போறார். கெதியா வாங்க!"

அன்புவழிபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் பறந்தேன். மீற்றர் பிழையாக இருந்து, புளிக்காத தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பையும் கொட்டினால் இறால் முழுக்கச் செத்துப்போகும். அந்தக் குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை.

ராத்தாவின் கணவர் ஹனீபா நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சுண்ணாம்பு மூட்டையோடு வரம்பில் நின்றார். மீற்றரில் 5.8. ஏழுக்குக் கீழே போனால் புளிப்பு. சென்சரைக் கழற்றிக் கழுவி, புளிப்பு அளவு முன்பே தெரிந்த பஃபர் கரைசல்களில் வைத்துப் பார்த்தேன். ஏழில் ஏழு, நாலில் நாலு, அச்சொட்டாகக் காட்டியது. திரும்பக் குளத்தில் விட்டால் அதே 5.8. "அடி சனியனே!" என்று அதைத் திட்டிக்கொண்டு, குளத்துத் தண்ணீரையே பிளாஸ்ரிக் வாளியில் அள்ளி, அதில் வைத்தேன். 8.1.

"இதென்ன கூத்து?" என்றார் நானா. "வாளிக்குள்ள நல்ல தண்ணி, குளத்துக்குள்ள கெட்ட தண்ணியா?"

நியாயமான கேள்விதான். வாளியில் இல்லாதது குளத்தில் என்ன இருக்கிறது? இறாலுக்குக் காற்றடிக்கும் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. அதன் மோட்டரிலிருந்து கரண்ட் கசிந்தால் சென்சர் குழம்பும்.

"ராத்தா, மோட்டரை நிப்பாட்டிப் பாக்கவேணும்."

"நிப்பாட்டினா இறாலுக்கு மூச்சு முட்டுமே!"

"கொஞ்ச நேரம்தான். எனக்கும் பயமாத்தான் கிடக்கு, ராத்தா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அல்லாஹ் இருக்கான்" என்று சொல்லித் தானே போய்ச் சுவிட்சை அமர்த்தினார். இலக்கம் ஏறி 8.1இல் நின்றது. "நானா, சுண்ணாம்பு வேண்டாம்!" என்று கத்தியேவிட்டேன். என்னை நம்பி அந்தச் சுவிட்சில் கை வைத்த ராத்தாவை நான் மறக்கவே மாட்டேன்.

கையிருப்பில் கிடந்த வேறு மோட்டரைப் பூட்டிச் சக்கரத்தை ஓடவிட்டோம். மத்தியானம் வந்த எலெக்ட்ரீசியன் பழைய மோட்டரைத் திறந்தார். வயரை உப்பு தின்றிருந்தது. எர்த் வயர் எதிலும் பூட்டப்படாமல் சும்மா தொங்கியது.

"இந்தத் தண்ணிக்குள்ளயா இறங்கப்போனீங்க? இன்னும் கொஞ்சம் கசிஞ்சிருந்தா ஆளே இல்லை" என்றார் அவர்.

நானா வரம்பிலேயே குந்திவிட்டார். ராத்தா அழுதார்.

அதிலிருந்து எங்கே சென்சர் பூட்டினாலும் முதலில் எர்த்தையும், கரண்ட் கசிந்தால் தானே அணைகிற ட்ரிப் சுவிட்சையும்தான் பார்க்கிறேன். சென்சரைச் சரியாகக் காட்ட வைப்பதுதான் என் தொழில். ஆனாலும் அந்தப் பிழையான இலக்கத்துக்கு நன்றி சொல்லாத நாளில்லை. அன்று 8.1 காட்டியிருந்தால் என்னை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நானா வழமைபோல இறாலுக்குத் தீன் வைக்கும் தட்டைப் பார்க்கத் தண்ணீரில் இறங்கியிருப்பார்.

இப்போதும் சந்தையில் என்னைக் கண்டால், சனத்துக்கு நடுவில் நின்று அவர் கூப்பிடுவது இப்படித்தான்:

"என்ன அஞ்சே தசம் எட்டு, சுகமா இருக்கிறீங்களா?"